வாத்தியார் வீட்டு நாய்



"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு"ன்னு நம்ம பக்கம் ஒரு சொலவடை உண்டு. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவர் வீட்டுலதான் சொல் பேச்சு கேக்காத பிள்ளை இருக்கும்னு கேலியா சொல்றது. நாய் பழக்குற தொழிலுக்கு இந்தச் சொலவடை ரொம்பவே பொருந்துது. அமெரிக்காவுல பேர் வாங்கின நாய் வாத்தியார்கள் சில பேர் வீட்டுலயே, மத்த நாயைக் கண்டா பாயுற நாயும், சத்தம் கேட்டா நடுங்குற நாயும் இருந்திருக்கு.

கேலி பண்ணிட்டுப் போயிடலாம். ஆனா கடந்த நாப்பது வருசத்துல நாய் பழக்குற முறை தலைகீழா மாறினதுல அந்த 'மக்கு' நாய்களுக்குப் பெரிய பங்கு இருக்குதுங்க. சங்கிலியிலிருந்து தீனிப் பைக்கு வந்து சேர்ந்த அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவுல எழுதுறேன். நகரத்துல அடுக்குமாடி வீட்டுல நாய் வளக்குறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

அடியாத மாடு படியாது

இது நம்ம பழமொழி. ஏர் ஓட்டின காலத்துல மாடு பழக்கினவங்களுக்குத் தெரியும். மூக்கணாங்கயிறு போட்டு, நல்லாப் பழகின மாட்டோட ஜோடி சேர்த்து நுகத்துல கட்டி, தார்க்குச்சியைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் பழக்குவோம். இதே பழமொழியை ஜெர்மன்காரங்களும் நம்பினாங்க, இங்கிலீஷ்காரங்களும் நம்பினாங்க.

ஜெர்மனியில கோன்ராட் மோஸ்ட்னு ஒரு போலீஸ் அதிகாரி. 1906-லிருந்து போலீஸ் நாய்களைப் பழக்கினவர். 1910-ல நாய் பழக்குறதுக்குன்னு ஒரு கையேடு எழுதினார். முதல் உலகப் போர்ல ராணுவ நாய்கள் பொறுப்பும் அவர்கிட்ட இருந்துச்சு. மனுசர் விவரமானவர். நாய்க்கு நியாயம் அநியாயம் தெரியாது, அது செஞ்ச உடனே என்ன கிடைக்குதோ அதை வெச்சுத்தான் கத்துக்கும்னு அப்பவே தெளிவா சொன்னவர். பரிசு கொடுக்கிறதும் அவர் முறையில உண்டு. ஆனா அடிப்படை கட்டாயம்தான். கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுக்குறது, சாட்டை, ஆள்தான் எசமான்னு காட்டுறது.

ரெண்டாம் உலகப் போர்லயும் ராணுவ நாய்களை இப்படித்தான் பழக்கினாங்க. போர் முடிஞ்சு ராணுவத்துல வேலை பார்த்தவங்க ஊருக்குள்ள வந்து வீட்டு நாய்களுக்கு வகுப்பு எடுத்தாங்க. ராணுவத்து முறையும் அவங்க கூடவே வீட்டுக்குள்ள வந்துடுச்சு. அமெரிக்காவுல வில்லியம் கோலர்ங்கறவர் 1962-ல எழுதின புத்தகம் பல வருசம் அந்தத் தொழிலுக்கு வேதம் மாதிரி இருந்துச்சு. டிஸ்னி சினிமா நாய்களைப் பழக்கினவர் அவர். நாய் தோட்டத்துல குழி தோண்டினா, அந்தக் குழியில தண்ணி நிரப்பி நாயோட தலையை அதுக்குள்ள அமுக்கணும்னு அதுல வைத்தியம் எழுதியிருக்கார். இங்கிலாந்துல 1980-ல பார்பரா வுட்ஹவுஸ்னு ஒரு பாட்டியம்மா பிபிசி டிவியில நாய் பழக்கிக் காட்டி ஊரெல்லாம் புகழ் வாங்கினாங்க. பாராட்டிப் பேசுறதுல அந்தம்மா கெட்டிக்காரி. ஆனா அவங்க கையிலயும் இருந்தது கழுத்தை இறுக்குற சங்கிலிதான்.

இதுக்கு ஒரு 'விஞ்ஞான' ஆதாரமும் வெச்சிருந்தாங்க. ருடால்ஃப் ஷெங்கல்ங்கறவர் சுவிட்சர்லாந்துல பாசல் மிருகக்காட்சி சாலை ஓநாய்களைக் கவனிச்சு 1947-ல ஒரு கட்டுரை எழுதினார். ஓநாய்க் கூட்டத்துல தலைமைக்கு எப்பவும் சண்டை நடக்கும், ஜெயிச்சது தலைவன். நாய் ஓநாய் வம்சம்தானே, அதனால வீட்டுல நாம தலைவனா இருக்கணும், இல்லாட்டி நாய் தலைவனாயிடும்னு இதுலிருந்து கிளம்பின பேச்சு இன்னும் ஓயலை. 1978-ல நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் எழுதின புத்தகத்துல, தப்பு செஞ்ச நாயை மல்லாக்கப் புரட்டிப் போட்டு அமுக்கச் சொல்லியிருந்தாங்க. அந்தத் துறவிகளே பின்னாடி வந்த பதிப்புல அதைச் செய்ய வேண்டாம்னு திருத்திட்டாங்க.

ஓநாய் ஆராய்ச்சியில பெரிய பேரு டேவிட் மீச். 1970-ல ஓநாய் பத்தி அவர் எழுதின புத்தகம் 'கூட்டத் தலைவன்' கருத்தை இன்னும் பரப்பிச்சு. அதே மீச்தான் 1999-ல அதை மறுத்து எழுதினார். கூண்டுக்குள்ள, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ஓநாய்களை அடைச்சு வெச்சதாலதான் அந்தச் சண்டை. காட்டுல ஓநாய்க் கூட்டம்கிறது ஒரு குடும்பம். தாய், தகப்பன், குட்டிகள். தகப்பன் குட்டிகளுக்கு வழி காட்டுதே ஒழிய, தினமும் பதவிக்குச் சண்டை போடுறதில்லை. நம்ம குடும்பம் மாதிரிதான்.

கூலி

அடி முறை ஊரெல்லாம் நடந்துட்டு இருந்த அதே காலத்துல, இன்னொரு பாதை ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு.

ரஷ்யாவுல பாவ்லோவ் நாயை வெச்சு செரிமானத்தை ஆராய்ச்சி பண்ணினார். அதுக்குத்தான் 1904-ல நோபல் பரிசு. ஆனா நாம அவரை ஞாபகம் வெச்சிருக்கிறது வேற ஒண்ணுக்காக. சோறு வாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே, சோறு போடுற ஆளைப் பார்த்ததும் நாய்க்கு எச்சில் ஊறுறதை அவர் கவனிச்சார். அமெரிக்காவுல தார்ன்டைக் பூனையைப் பெட்டியில அடைச்சு, அது எப்படித் தாழ்ப்பாளைத் திறந்து வெளிய வருதுன்னு பார்த்து 1898-ல எழுதினார். நல்லது கிடைச்ச செயலை விலங்கு மறுபடி செய்யும், அவ்வளவுதான் அவர் கண்ட விதி.

இதை முழுசா வளர்த்தவர் ஸ்கின்னர். ரெண்டாம் உலகப் போர்ல, குண்டை இலக்குக்குக் கொண்டு போகப் புறாக்களைப் பழக்குற திட்டம் ஒண்ணு அவர்கிட்ட இருந்துச்சு. மினியாபொலிஸ் நகரத்துல ஒரு மாவு மில்லோட மேல்மாடியில வேலை நடந்துச்சு. ராணுவம் அந்தப் புறாக்களைப் பயன்படுத்தவே இல்லை. ஆனா அங்க அவர்கூட வேலை பார்த்த கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட்ங்கற புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் பல்கலைக்கழகத்தை விட்டு வெளிய வந்து, 1947-ல விலங்கு பழக்குற கம்பெனியே ஆரம்பிச்சாங்க. அடி கிடையாது, தீனி மட்டும்தான். கோழி, பன்னி, முயல், எல்லாத்தையும் பழக்கினாங்க.

அவங்க தொழில் ரகசியம் ஒரு சின்னச் சத்தம். நம்ம ஊர் தேர்க்கடையில, அமுக்கினா 'டிக்'னு சத்தம் வர்ற தகர விளையாட்டுச் சாமான் விப்பாங்களே, அது மாதிரி ஒண்ணு. விலங்கு சரியாச் செஞ்ச அந்த நொடியில 'டிக்', அப்புறம் தீனி. கையிலிருந்து தீனி வாய்க்குப் போக ரெண்டு விநாடி ஆனாலும், எதுக்குக் கூலின்னு அந்தச் சத்தம் சொல்லிடும். ஸ்கின்னர் 1951-ல சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில, வீட்டு நாயை இப்படிப் பழக்கிப் பாருங்கன்னு எல்லாருக்கும் புரியுற மாதிரி எழுதினார். நாய் வாத்தியார்கள் பெருசாக் கண்டுக்கலை. கையில சங்கிலி இருக்கும்போது தகர டிக்-டிக் யாருக்கு வேணும்?

தீனி கொடுத்தா எல்லாம் நடக்கும்னும் அவங்க பொய் சொல்லலை. 1961-ல பிரேலண்ட் தம்பதி தங்களோட தோல்விகளையே கட்டுரையா எழுதினாங்க. மர நாணயத்தை எடுத்துட்டுப் போய் உண்டியல்ல போட ஒரு பன்னியைப் பழக்கினாங்க. முதல்ல ஒழுங்காச் செஞ்சது, போகப் போக நாணயத்தைக் கீழ போட்டு மூக்கால கிளற ஆரம்பிச்சுடுச்சு. பன்னி வளர்த்தவங்க யாரும் இதுக்கு ஆச்சரியப்பட மாட்டாங்க. அதது குணம் அதது கூடவே வரும். பழக்குறவன் அந்தக் குணத்தையும் கணக்குல வெச்சுக்கணும்.

அப்புறம் கேரன் பிரையர்னு ஒரு அம்மா. 1960-கள்ல ஹவாய் தீவுல டால்பின் பழக்கினவங்க. டால்பினுக்குச் சங்கிலி போட முடியாது, அடிக்க முடியாது. புடிக்கலைன்னா தண்ணிக்குள்ள நீந்திப் போயிடும். அங்க மீனும் விசிலும் மட்டும்தான் வழி. அவங்க 1984-ல எழுதின 'டோன்ட் ஷூட் தி டாக்' புத்தகம் நாய் வளக்குறவங்க கைக்குப் போச்சு. 1990-கள்ல கிளிக்கர் வகுப்புகள் பரவ ஆரம்பிச்சுது. மாவு மில்லுலிருந்து நாய் வீட்டுக்கு வந்து சேர அம்பது வருசம்!

இங்க ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். தீனி கொடுத்துப் பழக்குறது லஞ்சம் இல்லையா? காட்டுல வேலைக்கு ஆள் வர்றதை நினைச்சுப் பாருங்க. வேலை முடிஞ்சு கொடுக்கிறது கூலி. வேலைக்கு முன்னாடி கெஞ்சிக் கொடுக்கிறது லஞ்சம். பிஸ்கட்டைக் காட்டினா மட்டும் உக்காருற நாய் லஞ்சத்துக்குப் பழகின நாய். உக்கார்ந்த பிறகு கூலி வாங்குற நாய் நாளைக்கும் வேலைக்கு வரும்.

பயத்துக்கு என்ன வைத்தியம்?

உக்காரு, வான்னு சொல்லிக் கொடுக்கிறது ஒரு பாடம். பயந்து கடிக்க வர்ற நாய்க்கு அந்தப் பாடம் மட்டும் போதாது. அதுக்குள்ள இருக்கிற பயம் மாறணும்.

இதுக்கு வழி கிடைச்சது ஒரு குழந்தைகிட்ட. 1924-ல மேரி கவர் ஜோன்ஸ்ங்கற அமெரிக்க உளவியல் அம்மா, முயலைக் கண்டா அலறுற பீட்டர்ங்கற சின்னப் பையனைப் பத்தி எழுதினாங்க. பையன் புடிச்சதைச் சாப்பிட்டுட்டு இருக்கும்போது முயலைத் தூரத்துல வெச்சாங்க. அவன் அழாத தூரத்துல. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாப் பக்கத்துல கொண்டு வந்தாங்க. கடைசியில பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். இன்னைக்கு நாய்களோட பயத்துக்கும் கோபத்துக்கும் செய்யுற வைத்தியத்தோட வேர் இதுதான். ரெண்டு விசயம் முக்கியம். ஒண்ணு தூரம், இன்னொண்ணு பயப்படுற பொருள் வந்ததும் நல்லது நடக்கிறது.

அடி இங்க ஏன் உதவாது? நாய் இன்னொரு நாயைப் பார்த்து உறுமும்போது சங்கிலியைச் சுண்டினா, 'அந்த நாய் வந்தா என் கழுத்து வலிக்கும்'னுதான் அது கத்துக்கும். பயம் ரெட்டிப்பாகும். அடிக்குப் பயந்து உறுமுறதை நிறுத்திடும். நாம 'அடங்கிடுச்சு'ன்னு நினைப்போம். உறுமல் அபாயச் சங்கு. சங்கை உடைச்சுட்டா ஆபத்து போயிடுமா?

என் மக கோயமுத்தூர்ல இருக்கா. தெருவுல கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தா, பேரு செவலை. பெருசானதும் ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டா பாய ஆரம்பிச்சுது. வந்து பார்த்த டிரெய்னர் ஒருத்தர் கழுத்தை இறுக்குற சங்கிலி போட்டு, உறுமும்போதெல்லாம் சுண்டச் சொன்னார். பத்து நாள்ல உறுமல் நின்னுடுச்சு. மூணாவது வாரம், சத்தமே இல்லாம ஒரு கூரியர் தம்பியோட பேன்ட்டைக் கவ்விடுச்சு. நல்ல வேளை, பல் படலை. நாய் இருக்கக் கூடாதுன்னு அடுக்குமாடிக்காரங்க சொல்லிட்டாங்க. "நம்ம தோட்டத்துக்கு அனுப்பிடட்டுமாப்பா?"ன்னு அழுதுட்டே போன் பண்ணினா. அப்பத்தான் நானும் அவளும் இதையெல்லாம் தேடிப் படிச்சோம். இங்கிலீஷ்ல இருந்ததை அவ படிச்சுச் சொன்னா, நான் கேட்டுக்கிட்டேன்.

வாத்தியார்கள் வீட்டுல

படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. புது முறைகளுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு நாய் இருக்குது, அது வாத்தியாரோட சொந்த நாய்.

இயன் டன்பார் இங்கிலாந்துல பிறந்த கால்நடை மருத்துவர், கலிபோர்னியாவுல குடியிருந்தார். ஒமாகான்னு ஒரு மாலமூட் குட்டி வாங்கினார். குட்டியை வகுப்புல சேர்க்கலாம்னு பார்த்தா, ஆறு மாசம் ஆகாம யாரும் சேர்க்கலை. சங்கிலியைச் சுண்டிப் பழக்குற முறையில குட்டிக் கழுத்து தாங்காதே! பொல்லாத பழக்கம் படியுறதும் அந்த ஆறு மாசத்துலதான். அதனால 1980-களோட தொடக்கத்துல அவரே குட்டிகளுக்கு வகுப்பு ஆரம்பிச்சார். சங்கிலி இல்லாம, தீனியும் விளையாட்டுமா. இன்னைக்கு உலகம் பூரா நடக்குற குட்டி வகுப்புகளுக்கு அது முன்மாதிரி.

எம்மா பார்சன்ஸ் பயிற்சியாளர். அவங்ககிட்ட பென்னுன்னு ஒரு கோல்டன் ரெட்ரீவர். சாதுன்னு பேர் வாங்கின சாதி. அந்த பென், மத்த நாய்களைக் கண்டா பாயுற நாயாச்சு. பயிற்சியாளர் கையிலயே அப்படியொரு நாய் இருந்தா ஊர் என்ன சொல்லும்? அந்தம்மா ஒளிச்சு வைக்கலை. பென்னோட பட்ட பாட்டுலிருந்து, கிளிக்கரை வெச்சு ஆக்ரோசமான நாயைத் தணிக்கிறது எப்படின்னு ஒரு புத்தகமே எழுதினாங்க.

கிரிஷா ஸ்டூவர்ட் சியாட்டில் நகரத்துல நடத்தின பயிற்சிப் பள்ளியோட பேரு 'அகிம்சா'. ஆமாங்க, நம்ம அகிம்சைதான். அவங்க நாய் பீனட் பயந்தாங்கொள்ளி. பயப்படுற நாய்க்கு உலகத்துலயே பெரிய கூலி எது? அங்கிருந்து விலகிப் போறது. பீனட்டுக்காக அவங்க வகுத்த முறையோட சாரம் இதுதான். நாய் பாயாம, குரைக்காம, தலையைத் திருப்பியோ தரையை மோந்தோ அமைதி காட்டினா, உடனே அதைத் தூரமாக் கூட்டிட்டுப் போறது. அமைதியா இருந்தாலே விலக முடியும்னு தெரிஞ்ச நாய்க்குப் பாய வேண்டிய அவசியம் இல்லை.

பட்ரீசியா மெக்கானல் கதைதான் என்னை ரொம்ப உலுக்கிச்சு. விஸ்கான்சின்ல செம்மறி ஆடு வெச்சிருந்த பண்ணைக்காரி, விலங்கியல் படிச்சவங்க, கடிக்கிற நாய்களைத் திருத்துறதுல நாடறிஞ்ச பேரு. அவங்க வீட்டுக்கு வந்த வில்லுங்கற பார்டர் காலி குட்டி, சின்னச் சத்தத்துக்கும் தூக்கி வாரிப்போட்டு எந்திரிக்கும், மத்த நாய்களைக் கண்டா ஆகாது. குட்டி பதறும்போதெல்லாம் அவங்களுக்கும் பதறுச்சு. இளவயசுல தனக்கு நேர்ந்த கொடுமைகளோட பயம் இன்னும் உள்ள இருக்குறதை அந்தக் குட்டிதான் வெளிய கொண்டு வந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து தேறின கதையை 2017-ல புத்தகமா எழுதினாங்க. பயந்த உசுருக்கு முதல்ல வேணுங்கறது பத்திரம்ங்கற நினைப்பு, அது நாயானாலும் மனுசரானாலும்.

அடுத்தவர் நாயை ஒரு மணி நேரம் சங்கிலியில இழுத்து அடக்கிக் காட்டிட்டுக் காசு வாங்கிட்டுப் போயிடலாம். ராத்திரி அது என்ன செய்யுதுன்னு வாத்தியாருக்குத் தெரிய வேண்டியதில்லை. சொந்த நாய் அப்படி இல்லை. காலையில கண் முழிச்சா அது முன்னாடி நிக்கும். அடங்கினது போல நடிக்கிறதும் பயம் உண்மையிலேயே போனதும் வேற வேறன்னு கூடவே குடியிருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். முறை மாறினதுக்கு ஆராய்ச்சி ஒரு பக்கம் காரணம்னா, இது இன்னொரு பக்கம்.

இப்போ என்ன நிலை?

2009-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள், பிரச்சனைன்னு நாயைக் கூட்டிட்டு வந்த 140 பேர்கிட்ட விசாரிச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நாயை அடிச்ச, உதைச்ச ஆட்கள்ல 43 சதவீதம் பேர்கிட்ட நாய் திருப்பிச் சீறியிருக்கு. மல்லாக்கப் புரட்டி அமுக்கினவங்கள்ல 31 சதவீதம். 2021-ல அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கம், எல்லா நாய்ப் பயிற்சிக்கும், கடி, கோபம் மாதிரி பிரச்சனைகளுக்கும் சேர்த்து, பரிசு முறையைத்தான் பயன்படுத்தணும்னு அறிக்கையே கொடுத்துடுச்சு.

செவலைக்கு என் மக செஞ்சது பெருசா ஒண்ணும் இல்லை. லெஸ்லி மெக்டெவிட்ங்கற பயிற்சியாளர் சொன்ன 'அதைப் பாரு' விளையாட்டுதான். ஹெல்மெட் ஆள் தூரத்துல தெரிஞ்சதும், செவலை பாயுறதுக்கு முன்னாடி, பார்த்த அந்த நொடியிலயே 'சரி'ன்னு ஒரு சொல், ஒரு துண்டு கோழிக்கறி. முதல்ல நூறு அடி தூரம். அஞ்சு மாசம் ஆச்சு இருபது அடிக்கு வர. இப்போ ஹெல்மெட்டைப் பார்த்ததும் செவலை தானாவே என் மக மூஞ்சியைப் பார்க்குது, கூலி எங்கன்னு. முழுசாக் குணமாச்சான்னா, இல்லை. லிஃப்டுல இன்னும் கூட்டிட்டுப் போறதில்லை, படியிலதான். வெளிய போகும்போது வாய்க்கூடு உண்டு. அடுக்குமாடிக்காரங்க ஒத்துக்கிட்டாங்க. செவலை இன்னும் அவகூடத்தான் இருக்குது.

பரிசு முறைன்னா செல்லம் கொடுத்துக் கெடுக்கிறதுன்னு நினைக்காதீங்க. பாயுற நாயைக் கூட்டத்துக்குள்ள கொண்டு போகாம இருக்கிறதும் அதுல ஒரு பாதி. திடீர்னு குணம் மாறின நாய்க்கு வலி ஏதாவது இருக்கான்னு மருத்துவர்கிட்ட முதல்ல காட்டுறதும் அதுல சேர்த்தி. நேரம் ஆகும். நாத்து நட்ட மறுநாள் அறுவடைக்குப் போக முடியுமா?

கடைசியா ஒண்ணு. நாய்க்கு டிரெய்னர் வெக்கிறதா இருந்தா, கூலி எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, "உங்க வீட்டு நாய் எப்படிங்க? அதுக்கு என்ன பிரச்சனை, நீங்க என்ன செஞ்சீங்க?"ன்னு கேளுங்க. "என் நாய்க்கு ஒரு குறையும் இல்லை, கண்ணைக் காட்டினா படுத்துக்கும்"னு சொல்றவரைக் கொஞ்சம் யோசிங்க. "எங்க வீட்டு நாய்க்குத் தீபாவளி வந்தா ஆகாதுங்க, பட்டாசுச் சத்தத்துக்கு ரெண்டு வருசமா இப்படி இப்படிப் பழக்கிட்டு இருக்கேன்"னு ஒருத்தர் சொன்னா, அவரைக் கூப்பிடுங்க. மக்குப் பிள்ளையை வளர்த்த வாத்தியாருக்குத்தான் மக்குப் பிள்ளையோட கஷ்டம் தெரியும்.

அடுத்த பதிவுல பாப்போமுங்க.